குமிழிக்கு ஒரு குலுக்கல்!

தண்ணிக்குள்ள விட்ட காத்துக் குமிழி எந்தப் பக்கம் போகும்? ‘இதெல்லாம் ஒரு கேள்வியா பாஸ்... மேலதான்!’ என்று நீங்க முறைப்பது தெரிகிறது. சரிதான். ஆனால், அந்தத் தண்ணீர் இருக்கிற குழாயை நொடிக்கு 50 தடவை மேலும் கீழுமா அதிர வைத்துப் பாருங்க. ஏறிக்கொண்டிருந்த குமிழி பாதி வழியில் தயங்கி நிற்கும். இன்னும் கொஞ்சம் அதிர்வை ஏத்தினால், அப்படியே கீழே இறங்க ஆரம்பிக்கும்! கிராஃபிக்ஸ் இல்லை, கேமரா டிரிக் இல்லை. பிளஸ் டூ ஃபிசிக்ஸ் மட்டும்தான்.

கெமிக்கல் தவிர மற்ற டிபார்ட்மென்ட் மக்களே, பக்கத்தைத் திருப்பிடாதீங்க. கீழே போகிற இந்தக் குமிழிக்குப் பின்னால் ராக்கெட் இருக்கு, ஆன்டிபயாடிக் இருக்கு, உங்க அபார்ட்மென்ட்டின் கரன்ட் பில்லும் இருக்கு.

முதலில் ஆளை அறிமுகம் செய்துவிடுகிறேன். பேர், பபிள் காலம். (காலம் என்றால் டைம் இல்லீங்க, தூண்.) உயரமான ஒரு உருளை. உள்ளே திரவம். அடியில் ஓட்டை போட்ட ஒரு தட்டு, அதற்கு ஸ்பார்ஜர் என்று பெயர். அதன் வழியாகக் காற்றோ வேறு வாயுவோ குமிழ் குமிழாக மேலே வரும். அவ்வளவுதான் மொத்த மெஷினும். உள்ளே சுழலும் விசிறி கிடையாது, கியர் கிடையாது, ஆயில் சீல் கிடையாது. மீன் தொட்டியைப் பெரிதாக்கி நிமிர்த்தி வைத்தால் எப்படியோ, அப்படி.

சாதுவாகத் தெரிந்தாலும் சைஸில் இது பெரிய கை. தென் ஆப்பிரிக்காவின் சசோல்பர்க்கில் 1993-ல் சசோல் நிறுவனம் ஓடவிட்ட தூண் ஒன்று 5 மீட்டர் அகலம், 22 மீட்டர் உயரம். ஏழு மாடிக் கட்டடம் அளவு! அதற்குள் வாயுவைக் குமிழியாக விட்டு மெழுகும் எரிபொருளும் எடுத்தார்கள். அபார்ட்மென்ட் அடித்தளத்தில் ‘உய்ய்ய்’ என்று ராத்திரி பகலா ஒரு ப்ளோயர் கத்திக்கொண்டிருக்குமே, கழிவுநீர் சுத்திகரிப்பு டாங்க்... அதுவும் இதற்குத் தம்பி முறைதான். அந்த டாங்கில் இருக்கும் பாக்டீரியாவுக்கு மூச்சுவிடக் காற்று கொடுப்பதுதான் ப்ளோயரின் வேலை. இந்த மாதிரி பிளான்ட்டுகளில் செலவாகிற மின்சாரத்தில் சுமார் பாதி, சில இடங்களில் அதற்கும் மேலே, காற்றடிக்க மட்டுமே போகிறது.

ஏன் இவ்வளவு? காற்றுதான் ஓசியில் கிடைக்குதே!

கிடைக்குது. ஆனால் கரைய மாட்டேங்குது. ஒரு லிட்டர் காற்றில் கிட்டத்தட்ட 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. நம்ம ஊர் 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் கரைத்து வைத்துக்கொள்வதோ வெறும் 7.5 மில்லிகிராம். ஃபெர்மென்டரில் அடர்த்தியாக வளரும் கிருமிகள் ஒரு லிட்டருக்கு, ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று கிராம் ஆக்ஸிஜனைக் காலி செய்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்க. கரைந்திருக்கும் ஸ்டாக் பதினைந்து நொடிக்குக்கூட வராது. காற்று நின்றால் கிருமி காலி, மருந்து காலி. நியூயார்க்கின் புரூக்ளினில் பழைய ஐஸ் ஃபேக்டரி ஒன்றை வாங்கி, 1944 மார்ச்சில் பெரிய டாங்குகளில் பெனிசிலின் தயாரிக்க ஃபைஸர் கம்பெனி இறங்கியபோது, ஆழமான டாங்க் முழுக்கக் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு பெரிய தலைவலி. பூஞ்சைக்கு மூச்சு முட்டினால், போர்முனைக்கு மருந்து போகாது.

இதில் குமிழியின் குணம் வேறு. அஞ்சு மில்லிமீட்டர் குமிழி நொடிக்கு 20, 25 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறும். ஒரு மீட்டர் தூணில் அது நாலைந்து நொடி விருந்தாளி. அதற்குள் எவ்வளவு ஆக்ஸிஜனை இறக்கி வைக்குமோ அவ்வளவுதான். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து ‘டப்’. நீங்க காசு கொடுத்து அடித்த காற்று, வந்த வழியே வானத்துக்கு.

இந்த இறக்கி வைக்கிற வேகத்தை அளக்கத்தான் எங்க டிபார்ட்மென்ட்டில் ‘கே.எல்.ஏ.’ என்று ஒரு எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். முதல் பாதி (கே.எல்.), வாயு ஒரு குமிழித் தோலைத் தாண்டி எவ்வளவு சுலபமாகத் திரவத்துக்குள் நுழைகிறது என்பது. ‘ஏ’ என்பது, ஒரு லிட்டருக்குள் மொத்தம் எவ்வளவு குமிழித் தோல் இருக்கிறது என்பது. கற்கண்டைவிட சர்க்கரை சீக்கிரம் கரையுதில்லையா, அதே கதைதான் இந்த ‘ஏ’. ஒரு பெரிய குமிழியை எட்டுச் சின்னக் குமிழியாக உடைத்தால், காற்று அதே அளவுதான், தோல் மட்டும் இரட்டிப்பு!

ஆக, நமக்கு வேண்டியது மூணு. குமிழி சின்னதாக இருக்கணும். ஓடிப்போகாமல் உள்ளேயே இருக்கணும். அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர் புதுசு புதுசா மாறிக்கிட்டே இருக்கணும். உள்ளே விசிறி வைத்துக் கலக்கினால் இது நடக்கும். வைக்காமல் நடக்குமா? இங்கேதான் குலுக்கல் வருகிறது.

குமிழி ஏன் கீழே போகுது?

லிஃப்ட்டில் போயிருப்பீங்க. மேலே கிளம்பும் அந்த ஒரு கணம் உடம்பு கனமாகும், நிற்கும்போது லேசாகும். அதிர்கிற தூணுக்குள் தண்ணீருக்கும் அதே அனுபவம், நொடிக்கு 50 தடவை. தண்ணீர் ‘கனமாகும்’ அரைப் பொழுதில் ஆழத்தில் அழுத்தம் கூடுகிறது, குமிழி சுருங்குகிறது. ‘லேசாகும்’ அரைப் பொழுதில் அழுத்தம் குறைகிறது, குமிழி வீங்குகிறது. இதுவரைக்கும் ஓகேவா?

இப்போ மேட்டருக்கு வாங்க. குமிழியை மேலே தள்ளும் விசை, அதன் சைஸையும் பொறுத்தது, அந்த நேரத்துப் ‘புவியீர்ப்பையும்’ பொறுத்தது. மேலே தள்ளு பலமாக இருக்கும் நேரத்தில் பார்த்து, குமிழி சுருங்கிக் கிடக்கிறது. அதிர்வு பலமாக இருந்தால், லேசாகும் அரைப் பொழுதில் புவியீர்ப்பே தலைகீழாகத் திரும்பிய மாதிரி ஆகி, தள்ளு கீழ்நோக்கி வரும். அந்த நேரம் பார்த்துக் குமிழி வீங்கிப் பெருசாக நிற்கிறது. அதாவது, மேலே தள்ளும்போது சின்ன ஆள், கீழே தள்ளும்போது பெரிய ஆள். கூட்டிக் கழித்தால் கீழ்நோக்கி ஒரு மிச்சம். ஆழம் கூடக் கூட அழுத்த ஆட்டமும் கூடும், இந்த மிச்சமும் கூடும். அதனால் ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்கு மேலே இருக்கும் குமிழி ஏறும், கீழே இருக்கும் குமிழி இறங்கும்.

எவ்வளவு அதிரணும்? அரை மீட்டர் ஆழத்தில், 50 ஹெர்ட்ஸில், கணக்குப்படி மேலே ஒரு 0.7 மில்லிமீட்டர், கீழே ஒரு 0.7 மில்லிமீட்டர். அவ்வளவே. கண்ணுக்கு லேசா மங்கலாத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு! 50 ஹெர்ட்ஸ் எப்படி இருக்கும் என்று உணர வேண்டுமா? மீன் தொட்டி ஏர் பம்ப் மேலே கை வைத்துப் பாருங்க. உள்ளே இருக்கும் காந்தம் நம்ம வீட்டு ஏ.சி. கரன்ட்டின் தாளத்துக்கு ரப்பர் டயஃப்ரத்தை ஆட்டுவதுதான் அந்த ‘ங்ங்ங்’.

இந்தக் கீழ்நோக்கு விசைக்கு ஒரு நார்வே குடும்பத்தின் பெயர், பியர்க்னெஸ் விசை. அப்பா கார்ல் ஆன்டன், 1881-ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், திரவத்துக்குள் துடிக்கும் உருண்டைகள் ஒன்றை ஒன்று இழுப்பதையும் தள்ளுவதையும் செய்து காட்டியவர். மகன் வில்ஹெல்ம் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பிறகு பாதை மாறி, இன்றைய வானிலைக் கணிப்புக்கே அடித்தளம் போட்டார். ரமணன் சார் காலத்திலிருந்து நாம் கேட்டு வளர்ந்த ‘காற்றழுத்தத் தாழ்வு’ சமாசாரங்களுக்கும் குமிழிக்கும் இப்படி ஒரு சொந்தம்!

அப்புறம் ராக்கெட். ஏவும்போது ராக்கெட் கிடுகிடுவென அதிரும். எரிபொருள் டாங்கில் இருக்கும் குமிழிகள் மேலே போய்த் தொலையாமல், அடியில் இருக்கும் எஞ்சின் குழாய்ப் பக்கம் இறங்கினால்? எரிபொருளுக்குப் பதிலா வாயு போகும். இதை உட்கார்ந்து கணக்குப் போட்டவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிளைக், வருஷம் 1956. பத்து வருஷம் கழித்து, 1966-ல், கேம்பிரிட்ஜின் ஜேம்சனும் டேவிட்சனும் அதிரும் திரவத்தில் ஒற்றைக் குமிழி எப்படி நகர்கிறது என்று தியரியும் போட்டு, சோதனையும் செய்து பார்த்தார்கள். (இதே ஜேம்சன்தான் பின்னாளில் ஆஸ்திரேலியாவில், தாதுப் பொடியைக் குமிழியில் ஒட்ட வைத்துப் பிரிக்கும் ‘ஜேம்சன் செல்’லைக் கண்டுபிடித்தவர். குமிழியை விடவே இல்லை மனுஷன்!)

ராக்கெட்காரர்களுக்கு வில்லனாக இருந்த இந்தச் சங்கதி, ரியாக்டர்காரர்களுக்கு ஹீரோ. குமிழி வெளியே ஓடாமல் இருப்பதுதானே நம்ம ஆசை!

ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழாய்

2000-களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ராஜமணி கிருஷ்ணாவும் எல்லன்பெர்கரும் செய்த சோதனைகள் இதில் ரொம்பப் பிரபலம். (மாஸ் டிரான்ஸ்ஃபர் படிக்கிறவங்களுக்கு ‘டெய்லர் அண்ட் கிருஷ்ணா’ புத்தகம் ஞாபகம் வரும், அதே கிருஷ்ணா.) 10 சென்டிமீட்டர் அகலத் தூண், உள்ளே தண்ணீர், காற்று. தூண் முழுவதையும் ஆட்டவில்லை. அடியில் வளையும் சவ்வு ஒன்றை வைத்து, அதை 40 முதல் 120 ஹெர்ட்ஸில் அதிர வைத்தார்கள். 2002-ல் வெளியான முடிவு: முனையிலிருந்து கிளம்பும் குமிழியே கிட்டத்தட்டப் பாதி சைஸுக்குச் சுருங்கியது. தூணுக்குள் தங்கும் வாயுவின் அளவு இரண்டு மடங்கு. கே.எல்.ஏ.-வும் இரண்டு மடங்கு!

குமிழி ஏன் பிறக்கும்போதே சின்னதாகப் பிறந்தது? சாதாரணமாக, முனையில் ஒட்டியிருக்கும் குமிழி ஊதி ஊதிப் பெருத்து, மிதக்கும் விசை பரப்பு இழுவிசையை ஜெயித்த பிறகுதான் கழன்று வரும். அதிர்ந்தால் அதற்கு முன்பே கழன்றுவிடும். புளிய மரத்தைப் பிடித்து உலுக்கினால் பழுக்காத பிஞ்சும் உதிருமே, அப்படி. கழன்ற பிறகு பியர்க்னெஸ் விசை ஏற விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. போதாக்குறைக்குக் குமிழி சுருங்கி விரிந்து துடிப்பதால், அதன் தோலை ஒட்டியிருக்கும் தண்ணீர் பழசாகத் தேங்காமல் மாறிக்கொண்டே இருக்கிறது. நமக்கு வேண்டிய மூணும் ஒரே குலுக்கலில்!

அப்புறம் ஏன் எல்லா ஃபேக்டரியிலும் இது இல்லை?

பில் போட்டுப் பார்ப்போமா? 10 சென்டிமீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் என்றால் சுமார் 8 லிட்டர் தண்ணீர். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் காற்று விட, தியரிப்படி ஆகும் சக்தி முக்கால் வாட்டுக்குக் கொஞ்சம் அதிகம். அதே 8 கிலோ தண்ணீரை 50 ஹெர்ட்ஸில் 0.7 மில்லிமீட்டர் ஆட்ட? ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுக்க வைக்கணும். கொடுத்த சக்தி எதுவும் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டால் 19 வாட். காற்றுக்கு ஆனதைப் போல கிட்டத்தட்ட 25 மடங்கு! 25 மடங்கு கரன்ட்டைக் கொட்டி 2 மடங்கு ஆக்ஸிஜன். இதை எடுத்துக்கொண்டு எந்த பிளான்ட் மேனேஜரிடம் போனாலும், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைப்பார்.

நியாயமாகப் பார்த்தால், விசிறி வைத்துக் கலக்கும் ஃபெர்மென்டர்களே ஒரு கன மீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோவாட், சமயத்தில் அதற்கு மேலும் சாப்பிடும். நம்ம குலுக்கலும் கன மீட்டருக்கு 2.4 கிலோவாட்தான் வருகிறது. விசிறியோடு மோதினால் தோற்காது. வெறும் காற்றோடு மோதினால்தான் அடி.

ஆனால் ‘கொடுத்த சக்தி திரும்பி வராது’ என்று சொன்னேனே, அந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த திருப்பம் இருக்கிறது. ஊஞ்சலை நினைச்சுக்குங்க. கண்ட நேரத்தில் தள்ளினால் கை வலிக்கும். அதன் தாளத்துக்குத் தள்ளினால் ஒரு விரல் போதும், ஏனென்றால் ஊஞ்சலே சக்தியைச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. குமிழி நிறைந்த தூணும் ஊஞ்சல்தான். குமிழிகள் ஸ்பிரிங், தண்ணீர் எடை.

எவ்வளவு மெதுவான ஸ்பிரிங் தெரியுமா? ஒலி தண்ணீரில் நொடிக்கு 1,480 மீட்டர் போகும், காற்றில் 340 போகும். இரண்டையும் கலந்தால் நடுவில் ஏதோ ஒன்று வரும் என்றுதானே நினைப்பீங்க? தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு குமிழி இருந்தால் ஒலியின் வேகம் வெறும் 35 மீட்டர் அளவு! ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் அதை ஓவர்டேக் பண்ணும். கலவை தண்ணீரைப் போலக் கனம், காற்றைப் போல மெத்து, அதனால்தான் இந்த மந்தம். விளைவு? 100 ஹெர்ட்ஸ் ஒலி அலை சும்மா தண்ணீரில் 15 மீட்டர் நீளம். குமிழித் தூணில் 35 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் குழாய்க்குள்ளேயே நிலை அலைகள் உட்கார்ந்துவிடும், நாதஸ்வரத்துக்குள் உட்காருவது போல. அழுத்த ஆட்டம் அதிகமாக இருக்கும் இடங்களைத் தேடிச் சின்னக் குமிழிகள் கூடும். சரியான அதிர்வெண்ணைப் பிடித்தால், கம்மியான குலுக்கலில் நிறைய வேலை. ஆம்ஸ்டர்டாம் குழு 2005-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பபிள் காலத்தில் பியர்க்னெஸ் விசையைப் பயன்படுத்திக்கொள்வது பற்றித்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஊஞ்சல் நொடிக்கு நொடி நீளம் மாறும். காற்றைக் கொஞ்சம் கூட்டினால் குமிழி கூடும், ஒலி வேகம் மாறும், தாளம் மாறும். தாளம் தப்பினால் மறுபடி 25 மடங்கு பில்தான். விடாமல் துரத்தி டியூன் செய்ய ஒரு கன்ட்ரோலர் வேண்டும். இ.சி.இ., இ.ஐ.இ. மக்களே, இது உங்க ஏரியா!

இன்னும் சில வில்லன்கள் உண்டு. ஒரே தாளத்தில் துடிக்கும் இரண்டு குமிழிகள் ஒன்றை ஒன்று இழுக்கும் (1881 பாரிஸை ஞாபகம் வைச்சுக்குங்க). அதிர்வை ஓவராக ஏத்தினால் சின்னதெல்லாம் சேர்ந்து மொத்தையாகி, கஷ்டப்பட்டுச் சேர்த்த தோல் பரப்பு போய்விடும். சில சமயம் அடியில் ஒரு பெரிய காற்றுப் பை மாதிரி உட்கார்ந்துகொண்டு, கீழிருந்து வரும் அதிர்வையே மேலே போக விடாது. உலோகத்தின் கதை தனி. 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நாளைக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் ஆட்டம். எஃகின் களைப்பை லேபில் சோதிக்கும்போது வழக்கமாக ஒரு கோடி சுற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். நம்ம சவ்வும் போல்ட்டும் மூன்றாவது நாளே அதைத் தாண்டிவிடும். பபிள் காலத்தின் பெருமையே ‘ஆடுகிற பாகம் கிடையாது’ என்பது. அதைக் கொடுத்துத்தான் இதை வாங்குகிறோம். சசோல்பர்க்கின் 5 மீட்டர் அகலத்துக்கு ஒரு சவ்வு போட்டு ஆட்டுவதை யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. என் கணிப்பு, குலுக்கல் ஜெயிக்கிற இடம் பெரிய தூண் இல்லை. கொஞ்சமாகச் செய்து அதிக விலைக்கு விற்கும் மருந்து, என்சைம் மாதிரி சமாசாரங்கள்தான். விசிறி அடியில் செல்கள் அடிபடும், ஷாஃப்ட் வழியாகத் தொற்று நுழையும் என்று பயப்படுகிற இடங்கள்.

ப்ராஜெக்ட் தேடுறீங்களா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை ரெடிமேடாக விலைக்கு வாங்குகிற கடைகள் நமக்குத் தெரியாததா? அதை விடுங்க. இதை நீங்களே செய்யலாம். ஒரு மீட்டர் அக்ரிலிக் குழாய், மீன் தொட்டி பம்ப், டிபார்ட்மென்ட்டில் தூங்கும் வைப்ரேஷன் எக்ஸைட்டர் (மெக்கானிக்கல் லேபில் கெஞ்சினால் கிடைக்கும்), கரைந்த ஆக்ஸிஜன் மீட்டர். முதலில் நைட்ரஜன் விட்டு ஆக்ஸிஜனைத் துரத்துங்க. பிறகு காற்றைத் திறந்துவிட்டு, நொடிக்கு நொடி மீட்டர் ஏறுவதைக் குறிச்சுக்குங்க. உச்ச அளவுக்கும் அப்போதைய அளவுக்கும் உள்ள இடைவெளியின் மடக்கையை (அதான், லாக்) நேரத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சரிவுதான் கே.எல்.ஏ. அது நொடிக்கு 0.02 என்றால், 50 நொடியில் 63 சதவீதம் நிரம்பும். குலுக்கி 0.04 ஆக்கினால் 25 நொடி. போன் கேமராவின் ஸ்லோமோஷனில் 240 ஃப்ரேம் வைத்தால், ஒரு துடிப்புக்கு நாலைந்து ஃப்ரேம் கிடைக்கும். குமிழி வீங்கிச் சுருங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்கேல் ஒன்றைக் குழாயில் ஒட்டிவிட்டால் சைஸும் அளக்கலாம்.

கூடவே எக்ஸைட்டரின் ஆம்ப்ளிஃபையர் பிளக்கில் ஒரு சின்ன வாட் மீட்டரைச் சொருகிடுங்க. கே.எல்.ஏ. பக்கத்திலேயே வாட்டையும் ஒரு காலத்தில் எழுதுங்க. (இந்தக் காலம், அட்டவணைக் காலம்.) வைவாவில் வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் ‘இரண்டு மடங்கு ஆச்சு’ என்பதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுத்ததாகக் கேட்கப்போவது அதைத்தான். அப்புறம், ஆக்ஸிஜன் மீட்டரின் ப்ரோபை ரொம்பக் கீழே வைக்காதீங்க. இறங்கி வரும் குமிழிகள் அதன் முனையில் ஒட்டிக்கொண்டால், அது தண்ணீரை அளக்காது, காற்றை அளக்கும். நடு உயரத்தில், கொஞ்சம் சாய்த்து வைங்க, ஒட்டுகிற குமிழி வழுக்கிப் போய்விடும்.